ஒளிக்கற்றையைச் சாட்சியாக்கியவர்: ஜோன் திண்டல்

இரசாயனம் கற்கும் மாணவர் யாவரும் திண்டல் விளைவு என்ற சொற்றொடரை அறிவர். கூழ்க்கரைசலொன்றின் ஊடாக ஒளிக்கற்றையைச் செலுத்தினால் அதன் பாதை கண்ணுக்குப் புலப்படும். உண்மைக் கரைசலில் அது புலப்படாது. பரீட்சைக்கு வேண்டியது இவ்வளவே. விடைத்தாளை ஒப்படைத்ததும் அப்பெயரும் பெரும்பாலும் மறந்துபோகும். பல ஆண்டுகள் விஞ்ஞானம் கற்பித்தவன் என்ற முறையில் இது என் நெஞ்சில் நெடுநாளாய் இருந்துவரும் குறை. ஒருவரின் பெயர் பாடநூலிலே விளைவாகி நின்றுவிட்டால், அப்பெயருக்குரியவர் வாழ்ந்தார், வருந்தினார், போராடினார் என்பதையே நாம் மறந்துவிடுகிறோம்.

ஜோன் திண்டல் 19ஆம் நூற்றாண்டின் பௌதிக அறிஞர்களுள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர். காந்தவியல், பனியாறுகள், ஒலி எனப் பல துறைகளில் அவர் உழைத்தார். எனினும் அவருடைய வாழ்வின் நடுநாயகமான ஆராய்ச்சிகள் யாவும் காற்று என்ற ஒரே பொருளைப் பற்றியவை என்பது என் எண்ணம். பகலிலே பெற்ற வெப்பத்தைப் பூமி இரவிலே ஏன் முற்றாக இழந்துவிடவில்லை? வானம் ஏன் நீலமாக இருக்கிறது? திறந்து வைத்த உணவு ஏன் அழுகுகிறது? மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு ஒன்றோடொன்று தொடர்பற்றவையாகத் தோன்றும் இம்மூன்று வினாக்களையும் அவர் காற்றிடமே கேட்டார். கேட்ட கருவியும் ஏறக்குறைய ஒன்றே. காற்றினூடே ஒரு கதிரைச் செலுத்துவது. அக்கதிருக்கு என்ன நேர்கிறது என்று பார்ப்பது. அந்தக் கதிர் தமக்கு மாறாகச் சாட்சி சொன்ன வேளையிலும் அவர் அதனை மறைக்கவில்லை. அவருடைய வாழ்வை இன்று எழுதத் துணிந்தமைக்கு இந்த ஒரு பண்பே எனக்குப் போதிய காரணம்.

அளவையாளர் அறிஞரான கதை

அயர்லாந்தின் கார்லோ மாவட்டத்தில் லெயிலின்பிரிட்ஜ் என்னும் சிற்றூரில், 1820ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 2ஆம் நாள் திண்டல் பிறந்தார். தந்தையார் குறைந்த வருவாயுடைய ஒரு பொலிஸ் உத்தியோகத்தர். ஆனால் கல்வியின் அருமையை உணர்ந்தவர். மகனைப் பதின்பருவத்தின் இறுதிவரை ஊர்ப் பாடசாலையிலே படிக்கவைத்தார். கணிதமும், வரைதலும், நில அளவைக்கு வேண்டிய கேத்திரகணிதமும் அங்கே அவருக்குக் கைவந்தன.

1839இல் அயர்லாந்தின் அரசாங்க நில அளவைப் பகுதியில் வேலை கிடைத்தது. 1842இல் அதே பணிக்காக இங்கிலாந்து சென்றார். ஊதியமோ மிகக் குறைவு. ஊழியர் நடத்தப்பட்ட முறையையும் குறைந்த ஊதியத்தையும் கண்டித்துக் குரலெழுப்பியவர்களுள் திண்டலும் ஒருவர். அதன் பயனாக 1843இல் வேலையை இழந்தார். பின்னர் இங்கிலாந்தெங்கும் இருப்புப்பாதை அமைக்கும் வெறி தலைக்கேறியிருந்த காலத்தில், அப்பாதைகளுக்கு நிலம் அளக்கும் தொழிலிலே சில ஆண்டுகள் அயராது உழைத்தார். பணம் சேர்ந்தது, மனம் நிறையவில்லை.

1847இல் ஹாம்ஷயரிலிருந்த குவீன்வுட் கல்லூரியில் ஆசிரியரானார். அங்கு அவருடன் கற்பித்தவர் எட்வேட் பிராங்லண்ட் என்னும் இளம் இரசாயன அறிஞர். ஆய்வுகூடத்தில் தம் கையாலேயே பரிசோதனை செய்து கற்கும் முறை அக்கால இங்கிலாந்தில் வேரூன்றியிருக்கவில்லை. ஜேர்மனியிலோ அது செழித்திருந்தது. நண்பர் இருவரும் 1848இல் மார்புர்க் பல்கலைக்கழகத்துக்குச் சென்றனர். ஆய்வுகூட விளக்கினால் இன்றும் நாம் நினைவுகூரும் புன்சன் அங்கே பேராசிரியர். சேமித்த பணம் தீருமுன் படிப்பை முடிக்கவேண்டும் என்ற நெருக்கடியில் திண்டல் இரவு பகலாகப் படித்து, 1850இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது முப்பதை நெருங்கியிருந்தது. வழக்கமாக மாணவர் கல்வியை முடித்து வெளியேறும் பருவம் கடந்த பின்னரே அவருடைய ஆராய்ச்சி வாழ்வு தொடங்கிற்று என்பதை நம் மாணவர் மனங்கொள்ளல் நன்று.

1852இல் றோயல் சங்கத்தின் உறுப்பினராகத் தெரிவானார். 1853 பெப்ரவரியில் இலண்டன் றோயல் இன்ஸ்டிடியூஷனில் அவர் நிகழ்த்திய விரிவுரை கேட்டோரைக் கவர்ந்தது. அவ்வாண்டிலேயே அங்கு பௌதிகப் பேராசிரியராக அமர்த்தப்பட்டார். அந்நிலையத்தின் தலைமகனாக விளங்கியவர் மைக்கேல் பரடே. புத்தகம் கட்டும் தொழிலாளியாயிருந்து உயர்ந்தவர் பரடே. சங்கிலி பிடித்து நிலம் அளந்தவர் திண்டல். இருவரிடையும் தந்தைக்கும் மகனுக்கும் உள்ளது போன்ற அன்பு வளர்ந்தது. 1867இல் பரடே மறைந்தபின் அவருடைய பொறுப்பை ஏற்றவரும், அவரது கண்டுபிடிப்புகளைப் பற்றி 1868இல் நூல் எழுதியவரும் திண்டலே.

பூமியின் போர்வை

1856இல் தம் நண்பர் தோமஸ் ஹக்ஸ்லியுடன் சுவிற்சலாந்து சென்ற திண்டல், அங்குள்ள பனியாறுகளின் அசைவை ஆராயத் தொடங்கினார். மலையேற்றம் அவருக்கு வேட்கையாயிற்று. 1861 ஆகஸ்டில் வைஸ்ஹோர்ன் சிகரத்தை முதன்முதல் ஏறி வென்ற குழுவின் தலைவர் அவரே. உயர்ந்த மலைகளிலே பகலில் வெயில் சுட்டெரிக்கிறது. இரவிலே குளிர் எலும்பைத் துளைக்கிறது. வளிமண்டலத்துக்கும் வெப்பத்துக்கும் உள்ள உறவைப் பற்றிய வினா அந்தச் சூழலில் அவர் உள்ளத்தில் கூர்மையடைந்தது.

பிரான்சிய அறிஞர் பூரியே முதலானோர், வளிமண்டலம் பூமியின் வெப்பத்தைத் தடுத்து வைக்கிறது என்று முன்னரே கருதியிருந்தனர். ஆயினும் எந்த வாயு எவ்வளவு தடுக்கிறது என்பதை ஆய்வுகூடத்தில் அளந்தவர் இலர். 1859இல் திண்டல் அதற்கான கருவியை அமைத்தார். நாலடி நீளமான பித்தளைக் குழாய் ஒன்று; அதன் இருமுனைகளையும் பாறையுப்புத் தகடுகள் மூடியிருந்தன. கண்ணாடி வெப்பக்கதிரைத் தடுக்கும். பாறையுப்போ அதனைச் செல்லவிடும் என்பதே அவ்வாறு மூடியமைக்குக் காரணம். குழாயின் ஒரு முனையில் கொதிநீர் நிறைந்த பாத்திரம். மறுமுனையில் வெப்பத்தை மின்னோட்டமாக மாற்றும் வெப்ப அடுக்கு. அந்த அடுக்கின் மறுபக்கத்திலே இன்னுமொரு வெப்பமூலத்தை வைத்து, இருபக்கத்து வெப்பமும் ஒன்றையொன்று ஈடுசெய்யும்படி செய்தார். அப்போது கல்வனோமானியின் ஊசி பூச்சியத்தில் நிற்கும். குழாயினுள் ஒரு வாயுவைச் செலுத்தும்போது அது வெப்பக்கதிரைச் சிறிதளவு உறிஞ்சினாலும் சமநிலை குலைந்து ஊசி விலகும். தராசின் தத்துவம் இது. கதிரை நிறுத்துப் பார்க்கும் தராசு எனலாம். இன்று வாயுக்களை அவற்றின் நிறமாலையால் அளக்கும் கருவிகளுக்கெல்லாம் இதனை ஒரு மூதாதை என்று சொல்வது மிகையாகாது.

முடிவுகள் அவரையே வியப்பில் ஆழ்த்தின. காற்றிலே பெரும்பங்காயுள்ள நைதரசனும் ஒட்சிசனும் ஊசியை அசைக்கவேயில்லை எனலாம். ஐதரசனும் அவ்வாறே. ஆனால் எதிலீன் வாயு, தன்மீது விழுந்த வெப்பத்தில் ஐந்தில் நான்கு பங்கை விழுங்கிற்று. காற்றிலே மிகச் சிறிய அளவினவான நீராவியும் காபனீரொட்சைட்டும் வெப்பக்கதிரை வலிமையாக உறிஞ்சின. கண்ணுக்கு யாவும் ஒன்றுபோலத் தெளிந்த வாயுக்களே. வெப்பக்கதிருக்கோ சில வாயுக்கள் திறந்த வாயில். சில மூடிய கதவு. நீராவி என்னும் போர்வை ஓர் இரவு நீங்குமாயின் இங்கிலாந்தின் பயிர்பச்சை பலவும் குளிரால் மடிந்துபோகும் என்று அவர் கணித்தார். இவ்வாயுக்களின் அளவு கூடிக் குறைவதால், பனியூழி போன்ற பழைய காலநிலை மாற்றங்கள் நிகழ்ந்திருக்கலாம் என்றும் 1861இல் எழுதினார். 1896இல் சுவீடன் நாட்டுப் பௌதிக இரசாயன அறிஞர் அரீனியஸ், காபனீரொட்சைட்டுக் கூடினால் பூமியின் வெப்பநிலை எவ்வளவு உயரும் என்று கணக்கிட்டபோது திண்டல் இட்ட அடித்தளத்தின்மீதே நின்றார்.

இங்கே நீதி கருதி ஒரு பெயரைச் சொல்லவேண்டும். 1856இலேயே ஐக்கிய அமெரிக்காவில் யூனிஸ் பூட் என்னும் பெண்மணி, கண்ணாடிக் குழாய்களில் வாயுக்களை நிரப்பி வெயிலிலே வைத்து, காபனீரொட்சைட்டு நிறைந்த குழாயே அதிகம் சூடேறுகிறது என்று கண்டார். அதன் அளவு கூடியிருந்த காலத்திலே பூமி மேலும் வெப்பமாக இருந்திருக்கும் என்றும் கூறினார். அவருடைய கட்டுரையை அறிஞர் அவையிலே வாசித்தவர் வேறோர் ஆடவர். திண்டலின் 1861ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவர் பெயர் இல்லை. 2011ஆம் ஆண்டளவிலேதான் உலகம் அவரை மீண்டும் நினைவுகூரத் தொடங்கிற்று. பூட் அம்மையார் அளந்தது சூரிய வெயிலின் விளைவு. திண்டல் அளந்தது சூடான பொருள்கள் உமிழும் கட்புலனாகா வெப்பக்கதிர். ஆகவே இருவர் பணியும் ஒன்றன்று. எனினும் முதலிலே கதவைத் தட்டியவர் அவர் என்பதை மறைத்தல் தகாது.

குழாயினுள் ஒரு வானம்

1868இல் திண்டலின் கவனம் வெப்பக்கதிரிலிருந்து ஒளிக்கதிருக்குத் திரும்பியது. கண்ணாடிக் குழாயொன்றினுள்ளே சில திரவங்களின் ஆவியை நிரப்பி, மின்விளக்கின் வலிய ஒளியை அதனூடே செலுத்தினார். முதலில் குழாய் வெறுமையாகவே காட்சியளித்தது. சிறிது நேரத்தில், ஒன்றுமில்லாத இடத்திலே முகிலொன்று பிறந்தது. ஒளியானது ஆவியின் மூலக்கூறுகளைச் சிதைத்து, அவற்றிலிருந்து நுண்துளிகளைத் தோற்றுவித்தது. வாகனப் புகையும் வெயிலும் கூடிப் பெருநகர்களின் மேலே மங்கல்மூட்டத்தை உண்டாக்கும் விதத்தை இன்று ஆராய்வோர், அதே வகை நிகழ்ச்சியையே பெரிய அளவிலே காண்கின்றனர். காற்றில் மிதக்கும் இத்தகைய நுண்துகள்களை இப்போது ஏரோசோல் என்கிறோம். அவை பிறக்கும் காட்சியை ஆய்வுகூடத்தில் தெளிவாகக் கண்டு எழுதிய முன்னோடிகளுள் திண்டலுக்கு உயர்ந்த இடமுண்டு.

ஆவியை மிகவும் ஐதாக்கியபோது அதிசயமொன்று நிகழ்ந்தது. பிறந்த முகில் வெண்மையாக இல்லை; தெளிந்த வானின் நீலமாக இருந்தது. துகள்கள் மெல்ல மெல்லப் பெருக்க, நீலம் வெளிறி வெண்மையாயிற்று. நிக்கோல் அரியத்தினூடே அதனை நோக்கினார். ஒளிக்கற்றைக்குச் செங்குத்தான திசையிலே வரும் நீல ஒளி முற்றாக முனைவாக்கப்பட்டிருந்தது. வானத்து ஒளியும், சூரியனுக்குச் செங்குத்தான திசையிலே மிகுதியாக முனைவாக்கப்பட்டிருப்பதை அறிஞர் முன்னரே அறிவர். ஆகவே மூன்றடிக் குழாய் ஒன்றினுள்ளே தாம் வானத்தையே உண்டாக்கிவிட்டதைத் திண்டல் உணர்ந்தார். ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள்கள், நீல ஒளியை மிகுதியாகவும் சிவப்பு ஒளியைக் குறைவாகவும் சிதறச் செய்கின்றன என்பது இதனாற் புலனாயிற்று.

வானத்திலே அவ்வாறு சிதறச் செய்வன எவை? மிக நுண்ணிய மிதக்கும் துகள்களே என்று திண்டல் கருதினார். 1871இல் றேலி பிரபு இச்சிதறலுக்குக் கணித வடிவம் தந்தார். 1899இல் அவரே, தூசு சிறிதும் வேண்டாம், காற்றின் மூலக்கூறுகளே நீலத்துக்குப் போதும் என்று காட்டினார். இந்த இடத்திலே திண்டலின் விளக்கம் திருத்தம் பெற்றது. எனினும் துகள் சிறிதாகச் சிறிதாக நீலம் தெளிகிறது என்று அவர் காட்டிய வழியிலே சென்றுதான் மூலக்கூறு வரை எட்ட முடிந்தது.

தமிழருக்கும் இக்கதையிலே ஒரு பங்குண்டு. திருச்சிராப்பள்ளியில் 1888இல் பிறந்த சி. வி. இராமன், 1921இல் ஐரோப்பாவுக்குச் சென்ற கடற்பயணத்திலே மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டு அதன் காரணத்தை ஆராயத் தொடங்கினார். அவர் கையிலும் ஒரு நிக்கோல் அரியம் இருந்தது. அதனைக்கொண்டு நீர்மேற்பரப்பிலே தெறிக்கும் வான ஒளியை விலக்கி, கடலின் சொந்த நீலத்தைக் கண்டார். ஒளிச்சிதறலைப் பற்றிய அந்த ஆராய்ச்சியே வளர்ந்து 1928இல் இராமன் விளைவாகி, 1930இல் நோபல் பரிசையும் பெற்றுத் தந்தது.

தூசும் நோயும்

வானத்தைக் குழாயில் அடைக்க முயன்ற திண்டலுக்கு ஓர் இடையூறு இருந்தது. குழாயினுள் செலுத்தும் காற்றிலே தூசு இருக்கக்கூடாது. கந்தக அமிலத்தினூடும் காரத்தினூடும் காற்றைச் செலுத்திப் பார்த்தார், தூசு நீங்கவில்லை. பின்னர் மதுசார விளக்கின் சுடரின்மேலாகக் காற்றை மெல்லச் செலுத்தினார். தூசு மறைந்தது! இலண்டன் மாநகரின் தூசு பெரும்பாலும் மண்ணும் கல்லுமாய் இருக்குமென்றே அவர் எண்ணியிருந்தார். எரிந்து மறைவதாயின் அது சேதனப் பொருளாகவன்றோ இருத்தல் வேண்டும்? இடையூறாய் வந்த தூசே இவ்வாறு புதிய ஆராய்ச்சிக்குப் பொருளாயிற்று.

1870 சனவரியில் தூசும் நோயும் என்ற பொருள்பற்றி அவர் நிகழ்த்திய விரிவுரை இலண்டன் முழுவதும் பேசப்பட்டது. இருண்ட மண்டபத்திலே ஒளிக்கற்றையைப் பாய்ச்சினார். ஓட்டுக்கூரையின் துவாரம் வழியே வரும் வெயிலிலே நாம் காண்பது போல், எண்ணிறந்த துகள்கள் அதிலே மிதந்தன. கற்றையின் கீழே சுடரொன்றைப் பிடித்தார். கரும்புகை போன்ற சுருள்கள் ஒளியினூடே எழுந்தன. அவை புகையல்ல, தூசு எரிந்து நீங்கிய வெறுங் காற்று. சிதறச் செய்யும் துகள் இல்லாத இடத்திலே ஒளி தன்னைக் காட்டாது; ஆகவே அவ்விடம் இருளாய்த் தெரிந்தது. பின்னர் கண்ணாடிக் குழாயொன்றின் வழியே ஒளிக்கற்றைக்குக் குறுக்காக மூச்சு விட்டார். முதலில் வந்த மூச்சிலே மாற்றமில்லை. நுரையீரலின் ஆழத்திலிருந்து மூச்சின் கடைப்பகுதி வந்தபோது, கற்றையின் நடுவே கரிய துளையொன்று விழுந்தது. உள்ளே சென்ற தூசு உள்ளேயே தங்கிவிட்டது!

இக்காட்சியைக் கண்டோர் தாம் எதனைச் சுவாசிக்கிறோம் என்று அஞ்சியதில் வியப்பில்லை. அறுவைச் சிகிச்சையிலே கிருமிநீக்க முறையைப் புகுத்திவந்த லிஸ்டருக்கு ஒரு புதிர் இருந்தது. முறிந்த விலாவெலும்பு நுரையீரலைக் குத்திக் காற்று உட்புகுந்தாலும் அங்கே அழுகல் உண்டாவதில்லையே, ஏன்? மூச்சுவழியே வடிகட்டப்பட்ட காற்று அது என்ற விடையை அக்கரிய துளை தந்தது. திண்டல் மேலும் ஒருபடி சென்று, பஞ்சும் கிளிசரினும் கரியும் சேர்ந்த சுவாச முகமூடி ஒன்றை அமைத்தார். இலண்டன் தீயணைப்புப் படைத் தலைவர் கப்டன் ஷாவின் ஒத்துழைப்புடன், புகை அடைத்த அறைகளிலே அதனைச் சோதித்தும் பார்த்தார்.

வெற்றிக்குப்பின் வந்த தோல்வி

அக்காலத்தில் உயிர்கள் சடப்பொருளிலிருந்து தாமாகவே தோன்றும் என்ற கொள்கை முற்றாக மடிந்துவிடவில்லை. பிரான்சிலே பாஸ்ச்சர் அதனை மறுத்திருந்தார். இலண்டனிலோ பாஸ்ரியன் என்னும் வைத்தியப் பேராசிரியர், கொதிக்கவைத்த வடிநீரிலும் பற்றீரியாக்கள் தோன்றுகின்றன என்று பரிசோதனைகளைக் காட்டி வாதிட்டார். இதற்கு விடைகூற, திண்டல் மரப்பெட்டிகளை அமைத்தார். முன்புறம் கண்ணாடி, இருபக்கமும் சிறு சாளரங்கள், உட்சுவரெங்கும் கிளிசரின் பூச்சு. பெட்டியைச் சில நாள் அசையாது வைத்தால் தூசு யாவும் படிந்து ஒட்டிக்கொள்ளும். சாளரங்களின் வழியே ஒளிக்கற்றையைச் செலுத்தும்போது உள்ளே அதன் பாதை தெரியவில்லையானால் காற்றுத் தூய்மையானது. பெட்டியின் அடியிலே பொருத்திய சோதனைக்குழாய்களில் இறைச்சி, மீன், காய்கறி ஆகியவற்றின் வடிநீரை ஊற்றி ஐந்து நிமிடம் கொதிக்கவைத்தார். ஒளி சிதறாத காற்றிலே அவை மாதக்கணக்கிலே தெளிந்து நின்றன. வெளிக்காற்றிலே வைத்தவை சில நாட்களிலே அழுகின. 1876 சனவரியில் அவர் இதனை றோயல் சங்கத்திலே வெற்றியுடன் அறிவித்தார்.

அவ்வாண்டு இலையுதிர் காலத்திலே கதை மாறிற்று. அதே பெட்டி, அதே வடிநீர், அதே ஐந்து நிமிடக் கொதிப்பு. ஆனால் குழாய்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலங்கின. கொதிக்கும் நேரத்தைக் கூட்டினார், பயனில்லை. சில வடிநீர்கள் மணிக்கணக்காகக் கொதித்தபின்னும் உயிர் தாங்கின. எதிர்க்கட்சியினர் எதிர்பார்த்துக் காத்திருந்த சாட்சியம் இதுவே. கலங்கிய குழாய்களைக் கவனக்குறைவின் விளைவென்று சொல்லி ஒதுக்கிவிட்டு, தெளிந்தவற்றை மட்டும் எண்ணியிருக்கலாம். அவ்வாறு செய்தோர் விஞ்ஞான வரலாற்றிலே சிலரல்லர். திண்டலோ கலங்கிய குழாய்களையே பிடித்துக்கொண்டார்.

முடிவிலே குற்றவாளி அகப்பட்டது. பரிசோதனைக்கென ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்த பழைய உலர்புல் கட்டு ஒன்று, வெப்பத்தைத் தாங்கும் நுண்கிருமி வித்துகளை அந்த இடமெங்கும் பரப்பியிருந்தது. இதனை உறுதிசெய்ய அவர் தம் கருவிகளைக் கியூ தாவரவியற் பூங்காவில் புதிதாகக் கட்டியிருந்த ஆய்வுகூடத்துக்கு மாற்றினார். அங்கே அதே வடிநீர்கள் ஐந்து நிமிடக் கொதிப்பில் தூய்மையடைந்தன. றோயல் இன்ஸ்டிடியூஷனின் கூரையின்மேல் கொட்டிலொன்று அமைத்து மீண்டும் முயன்றார். உதவியாளரின் உடைகளே கிருமியைச் சுமந்துவந்தமையால் முதலிலே தோல்வி. அதனையும் நீக்கியபின் வெற்றி கிட்டியது.

பற்றீரியாக்கள் இருநிலையின என்பது இவ்வாராய்ச்சியாலே அவருக்குத் தெளிவாயிற்று. வளரும் நிலையிலே அவை மெலியன. கொதிநீர் உடனே கொல்லும். வித்துநிலையிலே அவை வைரித்தவை. அதே காலத்தில் ஜேர்மனியிலே பேர்டினன்ட் கோன் என்பவரும் அவ்வித்துகளைக் கண்டறிந்திருந்தார். திண்டல் அதற்கு மாற்றும் கண்டார். ஒருமுறை நெடுநேரம் கொதிக்க வைப்பதைவிட, சிறிது நேரம் சூடாக்கி, இடைவெளி விட்டு, மீண்டும் மீண்டும் சூடாக்குவது நன்று. இடைவெளியிலே வித்துகள் முளைத்து மெலிவடையும். அடுத்த சூட்டிலே மடியும். 1877இல் வெளியிட்ட இம்முறை திண்டலாக்கம் என அவர் பெயராலேயே வழங்குகிறது. கலங்கிய குழாய்களை மறைத்திருந்தால் இது பிறந்திராது. தோல்வியை ஒளிக்காதவனுக்கே அதன் உள்ளிருக்கும் உண்மை தெரியவரும் என்பதற்கு இதனினும் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

மனிதர் திண்டல்

இத்தகையவரையும் குறையற்றவராகக் காட்டுதல் வரலாற்றுக்கு அழகன்று. வாதமென்றால் அவர் விடமாட்டார். பனியாறுகளைப் பற்றியும், வெப்பக் கொள்கையிலே யாருக்கு முதன்மை என்பது பற்றியும் நெடிய பூசல்களிலே ஈடுபட்டார். 1874இல் பெல்பாஸ்ட் நகரிலே பிரித்தானிய விஞ்ஞான மகாசபைக்குத் தலைமையுரை ஆற்றியபோது, இயற்கையின் தோற்றம் பற்றிய விசாரணை விஞ்ஞானத்துக்கே உரியது, சமயபீடங்களுக்கு அதில் அதிகாரமில்லை என்று வாதிட்டு மதத்தலைவர்களின் கண்டனத்துக்கு ஆளானார். இது அவருடைய துணிவு. ஆனால் 1865இல் ஜமெய்க்காவிலே கறுப்பின மக்களின் கிளர்ச்சியை ஆளுநர் அயர் கொடூரமாக அடக்கி, நானூறுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தபோது, டார்வினும் ஹக்ஸ்லியும் அந்த ஆளுநர்மீது வழக்குத் தொடரவேண்டும் என்றனர். திண்டலோ ஆளுநரைப் பாதுகாப்போர் பக்கத்திலே நின்றார். குடியேற்ற ஆட்சியைக் கண்ட நாட்டிலே பிறந்த எனக்கு இதனைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது. காற்றின் தூய்மையைக்கூட ஒளியிட்டுப் பாராமல் ஏற்காதவர், ஆட்சியாளரின் சொல்லை அவ்வளவு எளிதாக ஏற்றாரே! அறிவின் ஒரு துறையிலே பழகிய கூர்மை, வாழ்வின் எல்லாத் துறைக்கும் தானாகவே வந்துவிடுவதில்லை.

அவருடைய தாராள மனத்துக்கும் சான்றுண்டு. 1872இலும் 1873இலும் ஐக்கிய அமெரிக்காவிலே விரிவுரை நிகழ்த்திப் பெற்ற வருவாயில் செலவுபோக எஞ்சியதை, அந்நாட்டு இளைஞர் பௌதிகம் கற்பதற்கே கொடுத்துவிட்டார். றோயல் இன்ஸ்டிடியூஷனிலே சிறுவர்க்கான நத்தார்கால விரிவுரைத் தொடரைப் பன்னிரண்டு முறை நிகழ்த்தினார். வெப்பமும் ஒலியும் ஒளியும் பற்றிய அவருடைய நூல்கள் பிறமொழிகளிலும் பெயர்க்கப்பட்டு, எளிய மக்களிடம் விஞ்ஞானத்தைக் கொண்டுசென்றன.

1876இல், ஐம்பத்தைந்து வயதிலே, லூயிசா ஹமில்ற்றனை மணந்தார். பிள்ளைகள் இல்லை. கணவரின் ஆய்வுகளுக்கும் எழுத்துக்கும் அம்மையார் துணைநின்றார். உடல்நலம் குன்றவே 1887இல் திண்டல் பதவியினின்றும் ஓய்வுபெற்று, ஹைண்ட்ஹெட் என்னும் இடத்திலே வாழ்ந்தார். உறக்கமின்மை அவரை நெடுங்காலம் வருத்தியது. அதற்காகக் குளோரல் என்னும் மருந்தையும், வயிற்றுக்கோளாறுக்காக மக்னீசியாவையும் உண்டுவந்தார். 1893 டிசம்பர் 4ஆம் நாள் காலை, அம்மையார் மக்னீசியாவென்று எண்ணிக் குளோரலை அளவுக்கு மிஞ்சிக் கொடுத்துவிட்டார். தவறு உடனே தெரிந்தது. செய்யக்கூடிய பரிகாரம் யாவும் செய்தும் பயனின்றி, அன்றே அவர் உயிர் பிரிந்தது.

அதன்பின் லூயிசா 47 ஆண்டுகள் வாழ்ந்தார். கணவரின் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் திரட்டி, அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதுவதையே நோன்பாகக் கொண்டார். தம் கையாலே அணைந்த விளக்குக்குத் தக்க நூல் அமைய வேண்டும் என்ற ஏக்கம் எதிலும் அவரை நிறைவுகொள்ள விடவில்லை போலும். 1940இல் அவர் மறையும்வரை அந்நூல் முற்றுப்பெறவில்லை. 1945இலேதான் வேறிருவர் எழுதிய வரலாறு வெளிவந்தது. இந்தக் காலதாமதத்தால், அவருடன் வாழ்ந்த ஹக்ஸ்லி, டார்வின் முதலியோரின் புகழ் ஓங்கிய காலத்திலே, திண்டலின் புகழ் மங்கிப்போயிற்று.

இன்று அப்பெயர் மீண்டும் ஒளிபெறுகிறது. பூமி சூடேறுவதைப் பற்றி உலகம் கவலைகொண்டிருக்கும் இக்காலத்தில், அவர் கல்வனோமானியின் ஊசி விலகிய கணத்தை ஆராய்வோர் நன்றியுடன் நினைக்கின்றனர். காலநிலை மாற்றத்தை ஆராய 2000ஆம் ஆண்டிலே பிரித்தானியாவில் நிறுவிய நிலையத்துக்கு அவர் பெயரையே சூட்டினர். ஒளிக்கதிரை வானிலே செலுத்தி, அது சிதறித் திரும்புவதைக்கொண்டு தூசையும் புகையையும் அளக்கும் கருவிகள் தரையிலும் செயற்கைக் கோள்களிலும் பணிபுரிகின்றன.

என் மாணவருக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். திண்டல் விளைவுக்கு விடை எழுதும்போது, கூழ்க்கரைசலோடு நின்றுவிடாதீர்கள். 1876ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்திலே, கலங்கிய குழாய்களின் முன்னே நின்ற அந்த மனிதரையும் எண்ணிப்பாருங்கள். தம் புகழுக்கே கேடாக வந்த சாட்சியை அவர் துரத்திவிடவில்லை; அருகே அழைத்து, முழுவதும் சொல்லக் கேட்டார்.